அம்ஸ்டெட் காட்டுச் சுற்று: எந்தப் பருவத்தில் போகலாம், எப்படிப் போகலாம்?

வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அம்ஸ்டெட் பார்க்குக்கு எப்போ போனா நல்லா இருக்கும்?" என்பது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள் என்றால் அதே கேள்வி இன்னும் அவசரமாக வரும். நான் இந்தப் பக்கம் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் காட்டுக்குள் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிவதில்லை. யார் போகிறார்கள், நடந்தா சைக்கிளிலா, முட்டி ஒத்துழைக்குமா, கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலானவர்கள் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் கடைசியில் முதல் தடவை போகிறார்கள். அந்தக் காட்டை முதல் தடவை நடந்து பார்க்க அதைவிட நல்ல காலம், இலையெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு வருகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

வில்லியம் பி. அம்ஸ்டெட் மாநிலப் பூங்கா ராலேவுக்கும் டர்ஹாமுக்கும் நடுவில், ஆர்டியூ விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 5,500 ஏக்கருக்கு மேல் காடு. நுழைவுக் கட்டணம் கிடையாது. காட்டுக்குள் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. ஒன்று, நடப்பவர்களுக்கு மட்டுமான ஒற்றையடிப் பாதைகள். வேரும் கல்லுமாக இருக்கும் இவற்றில் சைக்கிளுக்கும் குதிரைக்கும் அனுமதி இல்லை. மற்றொன்று, நடப்பவர், ஓடுபவர், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் பொதுவான அகலமான சரளைப் பாதை. இது ஏறக்குறைய 13 மைல். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

ரீடி கிரீக், டர்க்கி கிரீக், கிரேலின் என்று மூன்று பாதைகளை இணைத்துப் போனால் ஒரு முழுச் சுற்று கிடைக்கும். கிளைகளை எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 10 மைலுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். இதே பாதைகளில்தான் 1995 முதல் வசந்தத்தின் தொடக்கத்தில் அம்ஸ்டெட் 100 என்ற ஓட்டப் போட்டி நடக்கிறது. 12.5 மைல் சுற்றை எட்டுத் தடவை, 30 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறும் ஏற்றம் சுமார் 1,000 அடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அகலமான சரளைப் பாதைதானே, சமதளம்தானே" என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். டர்க்கி கிரீக் பக்கம் ஒரு மேடு ஏறி இறங்கியதும் அடுத்த மேடு நிற்கும். பெரிய மேடு என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

நடையா, சைக்கிளா, ஒற்றையடிப் பாதையா

முழுச் சுற்றை நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். சைக்கிளில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். மெல்லிய டயர் வைத்த ரோடு பைக் சரளையில் வழுக்கும். கொஞ்சம் அகலமான டயர் இருந்தால் போதும், மலைச் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை.

எது நல்லது என்றால், பருவத்தைப் பார்த்துச் சொல்லலாம். கோடையில் சைக்கிள். ஓடும்போது முகத்தில் காற்றாவது படும். குளிர்காலத்தில் நடை. அதே காற்று ஜனவரியில் காதைப் பிய்த்துவிடும். அப்புறம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எந்தப் பருவமானாலும் சரளைப் பாதைதான். ஒற்றையடிப் பாதைகள் செம்மண் களியாகி ஷூவைப் பிடித்து இழுக்கும். நாமும் சேற்றைத் தவிர்க்க ஓரமாகக் கால் வைத்து வைத்துப் பாதையை அகலப்படுத்திக் கெடுத்துவிடுவோம்.

மழை இல்லாத நாளில், நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு கம்பெனி மில் ட்ரெயில் என்ற 5.8 மைல் ஒற்றையடிச் சுற்றைத்தான் சொல்வேன். கேரி பக்கத் தெற்கு வாசலான ஹாரிசன் அவென்யூ பார்க்கிங்கிலிருந்தே தொடங்குகிறது. கிராப்ட்ரீ ஓடைக்கரையில் பழைய மாவு மில்லின் அணைக்கட்டுச் சிதைவும், பாதையோரம் ஓர் அரைவைக் கல்லும் இருக்கின்றன. நம் ஊர்த் திருகைக் கல்லைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, பள்ளம் பள்ளமாகக் கொத்திய கல். என் அம்மா அதன் மேல் கை வைத்து, "கொத்து இன்னும் தேயலை பாரு" என்றார்.

சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், பேசிக்கொண்டே நடக்க நினைக்கும் கூட்டம் என்றால் சரளைப் பாதைதான் வசதி. நான்கு பேர் ஒரே வரிசையில் நடக்கலாம். கீழே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை.

பொதுப் பாதையில் ஒரு பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள்காரர் எல்லோருக்கும் வழி விட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழி விட வேண்டும். குதிரை வந்தால் ஓரமாக நின்று, சத்தமில்லாமல் ஒதுங்கிவிடாமல், சாதாரணமாகப் பேச வேண்டும். அசையாமல் பேசாமல் நிற்கும் உருவம் அதற்கு மனிதர் என்று புரிவதில்லை. ஒரு மே மாதம் அம்மா வெயிலுக்குக் குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். வளைவில் இரண்டு குதிரைகள் வந்தன. முதல் குதிரை குடையைக் கண்டதும் காதை மடக்கிப் பின்னால் நாலடி வைத்தது. சவாரி செய்த பெண் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி, குடையை மெதுவாக மடக்கிவிட்டு எதையாவது பேசச் சொன்னார். அம்மா குடையை மடக்கி, "வாம்மா, போம்மா, ஒண்ணுமில்ல" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை மூச்சை உஸ்ஸென்று விட்டுவிட்டு நடந்து போனது. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தொப்பிதான்.

கோடை: விடியற்காலை இல்லையென்றால் வேண்டாம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நான் யாருக்கும் முழுச் சுற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 32, 33 டிகிரி செல்சியஸ். "மதுரை வெயிலைப் பாத்தவங்களுக்கு இது ஒரு வெயிலா" என்று சொல்வார்கள். எண்ணைப் பார்த்தால் சரிதான். ஆனால் இது சென்னைப் புழுக்கம் மாதிரி, அதுவும் காற்றசையாத காட்டுக்குள். வேர்வை வழியும், ஆறாது. வழியில் கடை கிடையாது. தண்ணீரும் கழிப்பறையும் பார்க்கிங் பக்கம்தான். நானே ஓர் ஆகஸ்ட் மதியம் ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பி, ஆறாவது மைலில் அது தீர்ந்துபோய், தலை கிறுகிறுத்து ஓடைப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வந்த ஒருவர் தன் தண்ணீரில் பாதியைக் கொடுத்தார். மதியத்துக்கு மேல் இடி மழையும் அடிக்கடி வரும்.

உண்ணியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை நம்மவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை இந்தக் காட்டில் உண்ணி அதிகம். லோன் ஸ்டார் என்ற வகை, பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அது கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வருகிறது. பாலூட்டி விலங்குகளின் இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். ஆட்டுக்கறி சாப்பிட்டு இரண்டு மணி முதல் ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்று வலி, சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். சிலருக்குப் பால், நெய்கூட ஒத்துக்கொள்ளாது. இரவு பிரியாணி சாப்பிட்டுவிட்டு நடுநிசியில் அரிப்பு வந்தால், உண்ணிக்கடியோடு யாரும் அதை முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கோழியும் மீனும் பிரச்சினை இல்லை.

அதனால் கோடையில் போனால் பாதையின் நடுவில் நடங்கள். உண்ணி புல் நுனியில் காத்திருக்கும், சரளையில் இருக்காது. பேண்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாம்.

காப்பர்ஹெட் என்ற குழிவிரியனும் இதே மாதங்களில்தான் நடமாடும். அதன் முதுகு அப்படியே சருகு மாதிரி. இருட்டும் நேரத்தில் ஒற்றையடிப் பாதை வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இத்தனைக்கும் கோடைக்கு என்று ஒரு பெருமை உண்டு. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் காலை ஆறரை, ஏழு மணிக்கு, முந்தின இரவு மழை பெய்திருந்தால், பெட்டி ஆமைகள் பாதையைக் கடக்கும். உள்ளங்கை அளவு ஓடு, கறுப்பில் மஞ்சள் கோலம் போட்ட மாதிரி. எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சைக்கிள் வரும் இடம் என்றால், அது போகும் திசையிலேயே தூக்கி அந்தப் பக்கம் விட்டால் போதும். பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போக இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இலையுதிர் காலம்: அழகு, கூட்டம், ஏகோர்ன்

இந்தப் பகுதியில் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை. பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கேரி வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே காட்டுக்கு வரும் குடும்பங்களைப் பட்டுப் புடவையோடே பார்த்திருக்கிறேன். ஹிக்கரி மரங்கள் மஞ்சள் கிழங்கு நிறம், சோர்வுட் குங்குமம், ட்யூலிப் பாப்ளர் எலுமிச்சை, ஓக் கடைசியாகச் செம்பு நிறம். ரீடி கிரீக் ஏரிக்கரையில் நின்றால் தண்ணீரிலும் அதே நிறம். படம் எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. குளிரும் தாங்கக்கூடியது, உண்ணியும் குறையத் தொடங்கியிருக்கும்.

ஆனால் சனி, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மேல் ஹாரிசன் அவென்யூ பார்க்கிங்கில் இடம் கிடைப்பது கஷ்டம். கூட்டத்தில் சைக்கிள் ஓட்டுவது யாருக்கும் நிம்மதி இல்லை. இன்னொன்று யாரும் சொல்வதில்லை: ஓக் மரங்களின் ஏகோர்ன் கொட்டைகள் அப்போது பாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். இறக்கத்தில் சைக்கிள் டயருக்கு அடியில் அவை கோலிக் குண்டு மாதிரி உருளும். அக்டோபரில் என் மகன் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது சமமான இடத்தில்தான், வேகமும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் சருகு வேர்களை மூடிவிடுவதால் முதியவர்களுக்கு அங்கே தடுக்கல் அதிகம். ஆக, அக்டோபர் கடைசியில் முதியவர்களோடு வந்தால் சரளைப் பாதை, வார நாள் காலை. சைக்கிள் என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். பூங்கா மூடும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். நேரம் தாண்டினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், கார் உள்ளே மாட்டிக்கொள்ளும். வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

குளிர்காலம்: காடு தன் கதையைச் சொல்லும் காலம்

அப்பா இந்தக் காட்டுக்கு முதல் தடவை வந்தது ஒரு ஜனவரி. கம்பம் பக்கம் தோட்டமும் வயலுமாக இருந்தவர். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜாக்கெட், குரங்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு காட்டு வாசலில் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்ன தாயி, இம்புட்டு மரமும் பட்டுப்போச்சா?" என்று கேட்டார். குரலில் உண்மையாகவே வருத்தம். இல்லப்பா, மார்ச் மாசம் துளிர்க்கும் என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் இருந்த மேப்பிள் கிளை ஒன்றை வளைத்து, கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ஈரமான பச்சை. "அட, உசுரு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளையை மெதுவாக விட்டார். பிறகு நாலைந்து மரங்களில் அதையே செய்து பார்த்தார்.

அன்று நாங்கள் சுற்றில் பாதிகூடப் போகவில்லை. ஆனால் ஏழெட்டு ஆண்டுகளாக நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் அவர் எனக்குக் காட்டினார். காட்டுக்குள் நிலம் படிப்படியாக இறங்குவதைக் கவனித்து, "இது வரப்பு. இங்க வெள்ளாமை பண்ணியிருக்காங்க" என்றார். சரியாகவே சொன்னார். இது ஆதிகாலக் காடு இல்லை. பருத்தியும் மற்றதும் விதைத்து விதைத்து மண் செத்துப்போன விவசாய நிலம். 1934-இல் மத்திய அரசு சுமார் 5,000 ஏக்கரை விவசாயிகளிடம் வாங்கி, வேலை இல்லாமல் இருந்த இளைஞர்களை வைத்து முகாம்களையும் பாதைகளையும் கட்டியது. 1943-இல் மாநிலம் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது. நாம் நடக்கும் காடு அதற்குப் பிறகு தானாக வளர்ந்து வந்தது. இலை இருக்கும்போது அந்த வரப்பு தெரியாது. குளிர்காலத்தில் சாய்வான காலை வெயில் விழுந்தால் மேடும் பள்ளமும் கோடு கோடாகத் தெரியும்.

இன்னும் நிறையத் தெரியும். வீடு இருந்த இடத்தில் சரிந்து கிடக்கும் கல் குவியல். சில குடும்பங்களின் சிறு கல்லறைத் தோட்டங்கள். 1996 செப்டம்பரில் ஃபிரான் சூறாவளி ராலே வழியாகப் போனபோது வேரோடு சாய்ந்த மரங்களின் அடையாளம், ஒரு பக்கம் குழி, பக்கத்திலேயே மேடு. அந்தக் குழிகளில் இப்போது மழைநீர் நின்று தவளை முட்டையிடுகிறது.

ஹாரிசன் அவென்யூ பக்கம் நடக்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. 1950-இல் இந்தப் பக்கத்தை ரீடி கிரீக் மாநிலப் பூங்கா என்று தனியாகப் பிரித்து, கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். வடக்குப் பக்கம் வெள்ளையருக்கு. ஒரே காடு, இரண்டு வாசல். 1966-இல்தான் இரண்டையும் சேர்த்து எல்லோருக்கும் திறந்தார்கள். இன்றைக்கும் இரண்டு வாசல்களுக்கு நடுவே காருக்கு வழி கிடையாது. அந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு அதே பாதையில் எங்கள் குடும்பம், குதிரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பின இளைஞர் குழு எல்லோரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

பீச் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது பீச் மட்டும் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வைத்திருக்கும். வெளுத்த காகிதம் மாதிரி இலை, லேசான காற்றுக்கும் சலசலக்கும். புதுத் துளிர் வந்து தள்ளினால்தான் விழும். பனிமூட்டமான காலையில், சாம்பல் நிறக் காட்டுக்கு நடுவே அவை விளக்கேற்றி வைத்த மாதிரி நிற்கும். பச்சை வேண்டும் என்பவர்களுக்கு ஹாலியும் பைனும் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 11 டிகிரி, இரவில் பூஜ்யம். இலை இல்லாததால் ஐ-40 நெடுஞ்சாலைச் சத்தமும் விமானச் சத்தமும் காட்டுக்குள் நன்றாகக் கேட்கும். உறைமழை பெய்த மறுநாள் நிழலான இறக்கங்களில் கண்ணாடிப் பனி இருக்கும், அன்றைக்குப் போகவே கூடாது. காலை பத்தரை மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிப்பதுதான் நம் உடம்புக்குச் சரி. ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு உண்ணி அபூர்வம், பாம்பு இல்லை, கொசு இல்லை, புழுக்கம் இல்லை, கூட்டம் இல்லை. ஏற்றத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வசந்தம்: தேதி பார்த்துப் போக வேண்டிய காலம்

மற்ற பருவங்களில் ஒரு மாதம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. வசந்தத்தில் ஒரு வாரம் தவறினாலும் எல்லாமே மாறிப்போகும். மாசி பாதியில், ஓடைக்கரைச் சருகுக்குள்ளிருந்து ட்ரௌட் லில்லி என்ற மஞ்சள் பூ எழும்பும், விரல் உயரம்தான். பழைய வீடு இருந்த இடங்களில் யாரோ நூறு ஆண்டுகளுக்கு முன்பு நட்ட டாஃபடில் இன்னும் பூக்கும். வீடு போய்விட்டது, வாசல் பூ நிற்கிறது. அந்திக்குக் குட்டித் தவளைகளின் கூச்சல் காதை அடைக்கும். மேலே மரங்களில் இன்னும் இலை வராததால் வெயில் தரை வரை விழும், அதனால்தான் இந்தப் பூக்கள் அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அவசர அவசரமாகப் பூத்து முடிக்கின்றன.

மார்ச் கடைசியில் ரெட்பட் கிளையெல்லாம் ஊதாப் பூ. அதோடு பைன் மகரந்தமும் வந்துவிடும். காரின் மேல், ஏரித் தண்ணீர் மேல், சைக்கிள் சங்கிலியில் எல்லாம் மஞ்சள் தூள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை ஆஸ்துமா, சைனஸ் உள்ளவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். போயே தீர வேண்டும் என்றால் நல்ல மழை பெய்து முடிந்த உடனே போகலாம், காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும். தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருக்கும், மகரந்தமும் அடங்கத் தொடங்கும். அங்கிருந்து மே நடுவரை உள்ள நாலைந்து வாரம்தான் என் கணக்கில் சைக்கிளுக்கு ஆண்டிலேயே சிறந்த காலம். நீளமான பகல், இளம்பச்சைக் கூரை, ஏகோர்ன் இல்லாத பாதை.

அப்பா அம்மாவை எந்த ஆறு மாதத்துக்கு அழைப்பது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். விசிட்டர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் இருக்க விடுவார்கள். குளிருக்குப் பயந்து ஏப்ரலில் வரவழைத்து செப்டம்பரில் அனுப்பிவைப்பதுதான் இங்கே பழக்கம். காட்டை வைத்துப் பார்த்தால் அது பாதி நஷ்டம். வந்ததும் மகரந்தம், ஜூன் நடுவிலிருந்து புழுக்கமும் உண்ணியும், பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுக்குள். நிறம் மாறுவதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள். என் பெற்றோரும் இரண்டு தடவை அப்படித்தான் வந்து போனார்கள், ஏசி அறையில் டிவி பார்த்துக்கொண்டு. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

செப்டம்பர் கடைசியில் வந்து மார்ச் நடுவில் திரும்பினால், நிறம், இலையுதிர்ந்த காடு, முதல் பூ என்று மூன்றும் கிடைக்கும். உண்மையிலேயே கடுங்குளிர் என்று சொல்ல டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரைதான். அதிலும் இடையிடையே 15 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும் நாட்கள் வரும். அன்றைக்கு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். மூட்டுவலி, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். குளிர் அவர்களுக்கு ஆகாது என்றால் ஏப்ரல் நடுவில் வரவழைத்து, நடையை முதல் ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

முழுச் சுற்றெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. ஹாரிசன் அவென்யூ பக்கத்திலிருந்து ரீடி கிரீக் ஏரி வரை போய்த் திரும்பினால் போதும். ஏரி தாழ்வில் இருப்பதால் திரும்பும்போதுதான் ஏற்றம், அதற்குத் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சுலபமாக வேண்டும் என்றால் வடக்கு வாசல், யுஎஸ் 70 சாலைப் பக்கம். அங்கே பிக் லேக் ஏரியும், மூன்று மைலுக்குள் முடியும் சால்ஸ் பிராஞ்ச் என்ற நடைபாதையும் உண்டு. எந்த வாசல் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் மூன்று குடும்பங்கள் கிளம்பி, சாப்பாடு ஒரு வாசலிலும் பிள்ளைகள் இன்னொரு வாசலிலுமாகப் போய் நின்றோம். உள்ளே வழி இல்லாததால் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, புளியோதரையும் ஆறிப்போனது.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் நலம் விசாரித்து முடித்ததும், "அந்த ஓடைக்கரை மரம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவர் சுரண்டிய இடத்தில் பட்டை மூடி, ஒரு சின்ன வடு மட்டும் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த பயணத்துக்கு செப்டம்பர் கடைசி வாரத்தில் டிக்கெட் போட்டாயிற்று. அம்மா கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.